நான் பார்க்காமல் வைத்த ஸ்லைட்

1. விறைத்த கோட்டுகள்

கொழும்பிலிருந்து மருத்துவ மாணவர் ஆறு பேர் வவுனியா ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது, ஆறு வெள்ளைக் கோட்டும் கஞ்சி போட்டு விறைத்து நின்றன. அதைவிடச் சொல்லும்படி வேறொன்றும் என் கண்ணில் படவில்லை. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. ஆஸ்பத்திரி லாபில் எம்.எல்.ரி., இரத்தம் பரிசோதிக்கிற ஆள். இரண்டு கிழமைக்குள் இவர்களுக்கு கண்ணாடியில் இரத்த ஃபில்ம் இழுக்கவும், சாயம் போட்டு ஸ்ரெயின் பண்ணவும், மைக்றொஸ்கோப் பார்க்கவும் பழக்கிவிட வேண்டும் என்பது உத்தரவு.

முதல் நாள் ஆளாளுக்குத் தன் விரலைக் குத்தி இரத்தம் எடுக்கச் சொன்னேன். பாலேந்திரா என்ற பெடியன் ஊசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இது அற்றெண்டன் செய்யிற வேலையெல்லோ, சேர்?"

மலேரியாக் கிருமியின் பருவங்களை அவன் தூக்கத்திலும் ஒப்பிப்பான். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் இழுக்கத் தெரியாது. ஸ்ரெயின் கழுவுவதற்கென்று மழைத்தண்ணீரைப் போத்தலில் பிடித்து மேசையில் வைத்திருந்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர், அதில் கழுவினால் செல்லெல்லாம் நீலமாகிவிடும். இதை இரண்டு தரம் சொன்னேன். ஐந்து பேர் நேரே கிணற்றடிக்குப் போனார்கள்.

காயவைத்த ஸ்லைடுகளை எங்கள் அற்றெண்டன் இபுறாகீம் நானா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"தம்பி, இவையள் வேட்டிக்குப் போடுற நீலத்தையெல்லோ போட்டுத் தோய்ச்சிருக்கினம்."

மழைத்தண்ணீர்ப் போத்தலைத் தேடி எடுத்தவ ஒருத்திதான். மிஸ் திலகவதி. அவ அதிகம் கதைக்கமாட்டா. ரைபொயிட்டில் கிடந்து ஒரு வருசம் பிந்தினவ என்றும், இந்தப் பயிற்சியிலும் தவறினால் இன்னொரு வருசம் போய்விடும் என்றும் மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருந்தேன்.

2. பொறி

அவர்களுடைய பிரக்ரிக்கல் கொப்பியைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சிவப்பு நீலப் பென்சிலால், மோதிரம் மோதிரமாக அத்தனை கிருமியும் இருக்கும். எல்லாம் போன வருசத்து ஆட்களின் கொப்பியைப் பார்த்துக் கீறியவை. அவர்களோடு வந்த விரிவுரையாளர், நாங்கள் பெரிய சேர் என்று சொல்கிறவர், றெஸ்ற் ஹவுஸ் கதிரையில் சாய்ந்தபடி அந்தப் படங்களுக்கு 'நன்று' போட்டுக்கொண்டிருந்தார். அவர் லாபுக்குள் வந்தது ஒரே ஒரு நாள். அதுவும் குடையை விட்டுவிட்டுப் போனதால்.

எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி வியாழக்கிழமை சோதனை. அன்று காலை என் விரலைக் குத்தி ஆறு ஃபில்ம் இழுத்து, நானே ஸ்ரெயின் பண்ணி, ஆளுக்கொன்றாக வைத்தேன். மலேரியா நாட்டை விட்டே ஓடிவிட்டது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். கல்லுப் போல இருந்த ஆள் நான். கிருமி ஒன்றும் இராத வெறும் ஸ்லைடைக் கொடுத்துவிட்டு என்ன கீறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் யோசனை.

நினைத்தபடியே நடந்தது. ஐந்து பேரும் றிப்போட் துண்டில் வளையம் வளையமாகக் கீறித் தந்தார்கள். பாலேந்திரா ஒரு செல்லுக்குள் மூன்று கீறியிருந்தான்.

"எங்க கண்டனீர்?"

"எல்லா இடமும் இருக்கு, சேர்."

திலகவதியின் துண்டில் ஒரே ஒரு வளையம். கீழே இரண்டு இலக்கம். கொழும்பிலிருந்து கொண்டுவந்த மைக்றொஸ்கோப் ஒன்று றெயிலில் உடைந்துபோனதால், எங்கள் லாபின் பழசைத்தான் அவவுக்குக் கொடுத்திருந்தேன். அதன் ஸ்ரேஜில் ஸ்லைட் நிற்கும் இடத்தைக் காட்டும் அளவுகோல் இலக்கங்கள் அவை.

"மிஸ், தூசுக்கும் பேர் வைச்சிட்டீங்களோ?"

"தூசு செல்லுக்கு மேலயெல்லோ கிடக்கும், சேர். ஃபோகஸை மாத்தி மாத்திப் பாத்தனான், இது செல்லுக்குள்ளதான் நிக்குது. அந்தச் செல்லும் பக்கத்துச் செல்லைவிட ஊதியிருக்கு. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

நான் போய்ப் பார்க்கவில்லை. என் இரத்தம் எனக்குத் தெரியாதா?

ஆறு பேருக்கும் பூச்சியம் போட்டேன். ஸ்லைட் யாருடையது என்று அறிவித்துவிட்டு, அவர்களின் முகத்தை வரிசையாகப் பார்த்தேன். இனித்தது. திலகவதி மட்டும் தலை குனியவில்லை.

"உங்கட இரத்தம் எண்டால் நீங்கள் பாத்திட்டு வைச்சிருக்கலாம், சேர்," என்றுவிட்டு லென்சைத் துடைத்து மூடினா.

3. இரண்டு இலக்கம்

வெள்ளி காலை றெயிலில் அவர்கள் போய்விட்டார்கள். புள்ளிப் பட்டியல் பெரிய சேரின் பெட்டியில். மத்தியானம் எனக்குக் குளிரத் தொடங்கியது. வவுனியா வெயிலில், சாக்கைப் போர்த்தியும் பல்லுக் கிட்டியது.

"தம்பி, பூவரசங்குளத்தில ரெண்டு நாள் வலையில்லாமப் படுத்தனீங்களெல்லே?" என்றார் நானா.

படுத்தேன்தான். பதின்மூன்று நாளுக்கு முன், காய்ச்சல்காரரிடம் ஃபில்ம் எடுக்கப் போன இடத்தில். மலேரியா இல்லாத நாட்டில் வலை எதற்கு என்று அங்கேயும் பகிடி விட்டேன். நுளம்பு கடித்துக் காய்ச்சல் எழும்ப அவ்வளவு நாள்தான் பிடிக்கும்.

கம்பியில் குத்தியிருந்த துண்டுகளிலிருந்து திலகவதியுடையதை உருவினேன். அவ பார்த்த ஸ்லைடை அந்தப் பழைய மைக்றொஸ்கோப்பிலேயே வைத்து, திருகி, இரண்டு இலக்கத்துக்கும் கொண்டுவந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. ஊதிய செல்லுக்குள் வளையம், அதில் சிவப்புப் புள்ளி. ஃபோகஸை மேலே எடுத்தேன், கீழே விட்டேன். செல்லோடேயே வந்தது, செல்லோடேயே போனது.

ஐந்து பேர் பார்க்காமல் கீறினார்கள். நான் பார்க்காமல் புள்ளி போட்டேன். அவர்கள் மாணவர்கள் என்ற சாட்டாவது இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

அன்றைக்கே ஸ்லைடையும் துண்டையும் பஞ்சில் சுற்றி, பெரிய சேருக்கு ஒரு கடிதமும் வைத்துத் தபாலில் சேர்க்கச் சொல்லி நானாவிடம் கொடுத்தேன். 'மாணவி சரி. பரிசோதகர் ஸ்லைடைப் பார்க்கவில்லை' என்று எழுதினேன். நானாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "காய்ச்சலைப் பற்றியும் எழுதுங்கோவன், இரக்கப்படுவர்" என்றார். எழுதவில்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: புள்ளி திருத்தப்பட்டது. திலகவதி வகுப்பேறிவிட்டா.

மலேரியாப் பதிவேட்டில் நோயாளி என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்துத்தான் வழக்கம். அங்கே அவவின் பெயரை எழுதினேன். மேலிடத்திலிருந்து 'இது யார்?' என்று கேட்டுக் கடிதம் வந்தது. லாபில் கண் உள்ள ஆள் என்று பதில் எழுத ஆசையாக இருந்தது. மாணவி என்று மட்டும் எழுதினேன்.

லாபுக்குப் பழக வருகிற பிள்ளைகளுக்கு இவ்வளவும் சொல்வது ஒன்றுக்காகத்தான். எந்த ஸ்லைடை வைத்தாலும் முதலில் நூறு இடம் நீங்கள் பாருங்கள். உங்கள் சொந்த இரத்தமென்றால் இருநூறு பாருங்கள். நான் சோதனைக்கு மேசை அடுக்கும்போதெல்லாம் நானா இன்றைக்கும் வாசலில் நின்று கேட்பார்: "தம்பி, இது ஆருடைய ரத்தம்? பாத்தாச்சோ?"

ஓம் என்று சொல்ல முடியாத நாட்களில் கதவைத் திறப்பதில்லை. சோதனைக்கு வந்த கோட்டுகள் வெளியே வெயிலில் நிற்கட்டும்.