கரும்பலகையில் செத்த அப்பா

எங்கள் பள்ளியின் அட்மிஷன் நோட்டீஸைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கிழித்துப் போடத் தோன்றுகிறது. பளபளப்பான தாள். நடுவில் பத்தாம் வகுப்பு ஷில்பாவின் படம், அதன் கீழே பச்சைப் பொய். அந்தப் பொய்யை எழுதியவள் என் தோழி சங்கமித்ரா. பொய் என்றாலே முகம் சுளிக்கிறவள்.

நான் நேசமணி, கணக்கு டீச்சர். பழைய தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் உள்ள இந்தத் தனியார் பள்ளியில் அவளோடு பதினேழு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தவள். சங்கமித்ரா ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் பிறந்தவள். தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்த குடும்பம். அவள் ஐந்தாவது படிக்கும்போது, பகல் ஷிஃப்டுக்குச் சுரங்கத்தில் இறங்கிய அவள் அப்பா பாறை சரிந்து செத்துப்போனார். அன்று கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், மேலே வந்தது அவருடைய டிபன் பாக்ஸ் மட்டும்தான். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள், அதுவும் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல்.

அவள் ஆங்கிலம் எடுக்கும் விதமே தனி. எதைப் படித்தாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: சொல்வது யார், எந்த இடம், எந்தக் காலம். அதற்குப் பிறகு, பேச்சால் ஆளை மடக்கும் வித்தைகள். பஸ் ஸ்டாண்டில் கொடுக்கும் நோட்டீஸ்களைப் பொறுக்கி வந்து மேசைமேல் பரப்புவாள். "இவன் பயமுறுத்துறான் டீச்சர்," "இவன் பெரிய மனுஷன் பேரை இழுக்கிறான் டீச்சர்," "இவன் சும்மா அழுவ வைக்கிறான் டீச்சர்" என்று பிள்ளைகள் போட்டி போட்டுக் கத்துவார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்து வகுப்பில் என் அல்ஜீப்ரா காணாமல் போகும்.

இந்த வருடம் அப்பாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னாள். ஷில்பாவின் அப்பா பிரேம், தினமும் முதல் ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறவர். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பார். 'நான் தூங்கும்போதுதான் அப்பா என்னை அதிகம் பார்த்திருக்கிறார்' என்று எழுதியிருந்தாள் ஷில்பா. சங்கமித்ரா அதற்குப் பத்துக்குப் பத்து போட்டாள்.

"இப்போ இதே கதையில பொய்க் கண்ணீர் எப்படிச் சேர்க்கிறதுன்னு பாருங்க" என்று போர்டில் எழுதினாள். ஷில்பாவின் அப்பா சுரங்கத்தில் இறங்கினார், பாறை சரிந்தது, கேஜில் டிபன் பாக்ஸ் மட்டும் வந்தது. தன் அப்பாவின் சாவைத்தான் எழுதுகிறோம் என்று பிள்ளைகளிடம் அவள் சொல்லவில்லை. எழுதி முடித்துவிட்டு, "எந்தக் காலம்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. சுரங்கத்தை மூடியது 2001இல், ஷில்பா பிறந்தது 2009இல். ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கரஸ்பாண்டென்ட் சகாயம் ரவுண்ட்ஸ் வந்தார். பேஸ்புக்கில் போட என்று போர்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார். பத்து நாளில் அது நோட்டீஸில் வந்தது. ஆண்டு விழாவில் ஷில்பாவே அதை மேடையில் வாசிக்க வேண்டுமாம், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு டிரஸ்ட் நடத்தும் அம்மா ஒருவர் பெங்களூரிலிருந்து வருகிறாராம்.

சங்கமித்ரா நேரே அவர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"சார், அது பொய்க்கு உதாரணம். அந்தப் பொண்ணு அப்பா உயிரோட இருக்காரு."

"இன்னா டீச்சர் நீங்க! யாருக்கு இன்னா நஷ்டம்? அந்தம்மா மனசு வெச்சா பொண்ணு பத்தாவதுக்கு மேல பெங்களூருல பி.யூ.சி. படிக்கும். அவங்க அப்பாவை அன்னிக்கு மட்டும் வரவேணாம்னு சொல்லிடுங்க."

உயிரோடு இருக்கும் மனிதனை விழாவுக்கு வராதே என்று சொல்ல ஒரு டீச்சரையே அனுப்புகிறார். தூ! ஆனால் நான் அங்கே வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்திலேயே பாலகாட்டில் உள்ள பிரேம் வீட்டுக்குப் போனோம். நோட்டீஸைப் பார்த்தால் கொதிப்பார், பெண்ணை அனுப்ப மாட்டார் என்று சங்கமித்ரா நம்பினாள். அவர் அதை மெதுவாகப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"ரயில்லயே ஃபிரண்டுங்க காட்டிட்டாங்க டீச்சர். எனக்கு மாலை வாங்கறோம்னு கிண்டல் பண்ணிகினு இருந்தாங்க. போவட்டும், ஒரு நாளைக்குத்தானே. பொண்ணு படிக்கணும் இல்லீங்களா?"

"நீ சொல்லு ஷில்பா. நீ வாசிக்கப் போறியா?" என்று கேட்டாள் சங்கமித்ரா.

ஷில்பா அப்பாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "எங்க நிறுத்தி வாசிச்சா நல்லா இருக்கும் டீச்சர்?" என்றாள்.

விழாவில் அவள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் சுரங்கம் மூடிய வருடம் தெரியும். அவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள். நானும் கை தட்டினேன். அந்தக் கைகளை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

முடிந்ததும் டிரஸ்ட் அம்மா இறங்கி வந்து ஷில்பாவைக் கட்டிக்கொண்டார். பிரேம் மனசு கேட்காமல் வந்திருந்தார். கேட் அருகே நின்றவர், கூட்டத்தில் பெண்ணின் பையை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் வந்துவிட்டார்.

"இவர் யார்?" என்று கேட்டார் அந்த அம்மா.

ஷில்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "பக்கத்து லைன் அங்கிள், மேடம்."

பிரேம் தலையாட்டினார். சிரிக்கக்கூடச் செய்தார்.

"இவர்தான் இவளோட அப்பா" என்றாள் சங்கமித்ரா. "செத்தது என் அப்பா."

அந்த அம்மா குழம்பிப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சகாயம் சட்டென்று நடுவில் புகுந்து, "எங்க ஊருல பெரியவங்க எல்லாரையும் அப்பான்னுதான் மேடம் சொல்லுவாங்க" என்று அவரை டிபன் சாப்பிட அழைத்துப் போய்விட்டார். ஷில்பாவுக்கு பி.யூ.சி. சீட் உறுதியானது.

திங்கட்கிழமை சகாயம் சங்கமித்ராவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"உக்காருங்க டீச்சர். அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களே, உங்கப்பா விஷயம். அடுத்த வருஷ நோட்டீசுக்கு அதையே போட்டுடலாம். அது நெஜம் வேற."

சங்கமித்ரா உட்காரவில்லை. கழுத்திலிருந்த பள்ளி அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

என்னுடையது இன்னும் என் கழுத்தில்தான் தொங்குகிறது.