ஜாமும் ஜாமக்காயும்

அறுபதுகளின் கடைசியில் கிருஷ்ணகிரியில் நான் மாம்பழ ஜாம் போட ஆரம்பித்தபோது, எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது லேகியம். சளிக்கு நல்லதா என்று கேட்டு வாங்கிப்போனவர்களும் உண்டு. நானும் இல்லை என்று சொல்லவில்லை.

ஓசூரில் ஒரு பேக்கரிக்காரர் மட்டும்தான் அதை ஜாமாக மதித்து வாங்கினார். அவரும் அலுத்துப்போனார். பன்னில் தடவினால் முழங்கை வரை வழிகிறது, இன்னொரு தடவை இப்படி ஓடினால் கொண்டுவரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சர்க்கரையைக் கூட்டினேன், எலுமிச்சை பிழிந்தேன், அடிப்பிடிக்கும் வரை கிளறிப் பார்த்தேன். அடுப்பில் கெட்டியாகத் தெரிவது பாட்டிலுக்குள் போனதும் பாயசமாகிவிடும்.

கணவர் போன பிறகு, ஊத்தங்கரையிலிருந்த என் அண்ணன் தன் வீட்டோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தார். தங்கமான மனுஷர்தான். ஆனால் அங்கே போனால் எனக்கு அடுப்படிதான் கதி, சாகும்வரை அண்ணியின் முகத்தைப் பார்த்துத்தான் காபி குடிக்க வேண்டும். இந்த முறையும் ஜாம் ஓடினால் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவரும் சொன்ன நாளில் வந்து நின்றார்.

அடுப்பில் நீலம் மாம்பழக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு அண்ணனுக்குச் சாப்பாடு போடப் போனேன். அந்த அக்காவுக்கு வீட்டில் பேச்சு தெலுங்கு, தெருவில் தமிழ். திரும்பி வந்தால் கூழின் நிறம் மங்கியிருந்தது, வாசனையும் வேறு. என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன்.

"மாசக்கணக்கா ஜாம் ஜாம்னு சொல்ற, ஒரு நாளாவது அதுல ஜாமக்காய் போட்டு நான் பாக்கல. பாவம், கெடைக்கலயாட்டம் இருக்குதுன்னு எங்க மரத்துக் காயையே காலைலயே வேகவெச்சேன். வெதை பல்லுல மாட்டும்னு துணியில வடிச்சு எடுத்தாந்தேன்" என்றார்.

தெலுங்கில் ஜாமக்காய் என்றால் கொய்யா. எனக்குத் திட்டுவதா அழுவதா என்று தெரியவில்லை. கரண்டியை வாங்கிக் கிளறி முடித்து, பாட்டில்களில் ஊற்றிவிட்டு, துணிமணியை மடிக்கப் போய்விட்டேன்.

ஆறிய பிறகு ஒரு பாட்டிலைச் சாய்த்தேன். ஜாம் அசையவில்லை. கரண்டியால் வெட்டி எடுத்தேன். வெட்டிய இடம் மூடாமல் அப்படியே நின்றது. கொய்யாவில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் ஜாமை இறுக வைக்கிறது என்று பின்னால் விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். ஆனால் ஒரு சொல்லை ஒருத்தி வேறாகக் காதில் வாங்கியதால் அது என் பாத்திரத்தைத் தேடி வந்ததே, அதற்கு எவரிடமும் விளக்கம் இல்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அண்ணன் நம்பவில்லை. மூடியைத் திறந்து, தன் வெள்ளை வேட்டிக்கு மேலேயே பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"எனக்கு ஒரு பாட்டில் குடு பாப்பா. நீ ஏன் வரலன்னு உங்கண்ணி கேப்பா" என்றார்.