டின்னில் வைத்த காரம்

அம்பாங்கானில் என் மகள் வீட்டில் போன வாரம் ஒரு பை தயாரானது. மழை விடாமல் பெய்கிறது, வெள்ளம் வந்தால் எடுத்துக்கொண்டு ஓட ஒவ்வொரு குடும்பமும் ஒரு பை வைத்திருக்க வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்களாம். டார்ச் லைட், பிறப்புப் பத்திரம், பிஸ்கட், காய்ச்சல் மாத்திரை எல்லாம் அடுக்கிவிட்டு, "வேற என்னம்மா?" என்றாள். "கொஞ்சம் காரம் வை" என்றேன். உள்ளே போய் உப்புப் பாக்கெட்டோடு வந்தாள். இந்த மலாய் நாட்டில் இத்தனை வருஷம் இருந்து, பேச்சுக்குப் பேச்சு 'லா' ஒட்டுவதுகூடப் பழகிவிட்டது, எனக்குப் பழகாத விஷயம் இதுதான். மலாய் மொழியில் உப்புக்குக் காரம் என்று பெயர். இங்கேயே வளர்ந்த என் மகளுக்குத் தமிழைவிட மலாய்தான் முந்திக்கொண்டு வரும். அவள் கையில் இருந்த உப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ஊரில் இருந்து படிப்பவர்கள் கேட்பீர்கள். அந்த ஒரு சொல்லை நான் தப்பாகப் புரிந்துகொண்டதால்தான் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு கப்பலேறி, பகாவ் அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடித்தனம் தொடங்கியவள் நான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஜப்பான்காரன் வருகிறான் என்றார்கள். தோட்டத்துத் துரை ஒரு காலையில் காரில் பெட்டிகளையும் தன் நாயையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாய்க்கு இடம் இருந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நேரம் இல்லை. ஊரில் ஆபத்து என்றால் பக்கத்து ஊரில் அத்தையோ சித்தப்பாவோ இருப்பார்கள், கால் இருந்தால் போதும், போய்ச் சேர்ந்துவிடலாம். இங்கே எங்களுக்குக் காட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. என் வீட்டுக்காரர் மாணிக்கம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். "ஓடணும்னா இந்த டின்ன மட்டுந்தான் நான் தூக்குவேன். பாப்பாவ நீ தூக்கிக்க. யோசிச்சு வையி" என்றார். வறுத்த அரிசி, காயவைத்த மரவள்ளிக் கிழங்கு, மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை, ரப்பர் பால் வெட்டும் கத்தி, ஒரு பொட்டலம் உப்பு, ஒரு பழைய புடவை எல்லாம் வைத்தேன். தீப்பெட்டி நனையாமல் இருக்க அதைப் புகைபோட்ட ரப்பர் ஷீட்டில் சுற்றியது அவருடைய யோசனை. அந்த யோசனைக்காக ஒரு வாரம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், மாக் லீமா என்ற மலாய்க்காரப் பெண் இருந்தாள். தோட்டத்து எல்லையில் வாழைப்பழம் விற்பாள். காட்டின் போக்குவரத்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளும் நானும் பேசிக்கொள்வதில் பாதி கைஜாடைதான். டின்னுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு விரலை ஆட்டி, "ஜங்ஙான் லூப்பா காரம்!" என்றாள். மறக்காதே என்று சொல்கிறாள், அது புரிந்தது. காரம் என்பது புரிய மலாய் எதற்கு? "காரமா?" என்று கேட்டேன். "காரம், காரம்! பாஞாக்!" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். நிறைய வேண்டுமாம். பரவாயில்லையே, நம் ருசி தெரிந்தவளாக இருக்கிறாளே என்று அவள்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. பகாவ் கடைகளில் ஊர்க் கப்பலில் வந்த மிளகாய் வற்றல் கிடைத்ததையெல்லாம் வாங்கி, டின்னில் பாதிக்கு அமுக்கி நிரப்பினேன். மூடி மூடவில்லை. உப்புப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தேன், மூடிக்கொண்டது.

ஜப்பான்காரன் லாரிகள் சாலையில் வந்த அன்று காட்டுக்குள் ஓடினோம். உப்பில்லாமல் அவித்த கிழங்கை மூன்று நாள் தின்று பாருங்கள், அப்போதுதான் நான் சொல்வது விளங்கும். காலெல்லாம் அட்டை. பிய்த்தால் ரத்தம் நிற்காது. மூன்றாம் நாள் மாக் லீமா எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். என் கணுக்காலில் தொங்கிய அட்டையைப் பார்த்து, "காரம்! மானா காரம்?" என்று கத்தினாள். எங்கே என்று கேட்கிறாள். நான் பெருமையாக டின்னைத் திறந்து ஒரு பிடி மிளகாயை நீட்டினேன். அவள் மிளகாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே ஒரு வேரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்த பிறகு, இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை உப்பை அட்டையின்மேல் வைத்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. என் மானமும் கூடவே விழுந்தது.

லாரிகள் கடந்துபோனபின் லயத்துக்குத் திரும்பியதும் எனக்குக் காரக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். குழாயடியில் நின்றால் போதும், "காரக்காரி வரா, உப்ப ஒளிச்சு வைங்கடி" என்பார்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டு சிரிப்பார். எனக்கு வந்த ரோஷத்தில் டின்னைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். இந்தியக் கப்பல் நின்றுபோய், தோட்டத்தில் ஒருவர் வீட்டிலும் மிளகாய் இல்லாத நாட்களில்கூட அதிலிருந்து ஒன்றைக் குழம்புக்கு எடுக்கவில்லை. பிடிவாதம் எனக்குப் பிறவிக் குணம்.

பிறகு ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். மூன்றே மாதம், அரிசியும் துணியும் தருவோம் என்றார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் நின்றவர்களையே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் பிரட்டுக்குப் போவதை நிறுத்தினார். உடனே வீடு வீடாக வரத் தொடங்கினார்கள். ஒரு மத்தியானம் வரிசையின் முதல் வீட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பின்பக்கம் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நின்றான். பாப்பா மாக் லீமா வீட்டில் இருந்தாள், அது ஒன்றுதான் ஆறுதல். இவரைக் கொண்டுபோனால் அப்புறம் எனக்கு இந்தக் கரையில் யார்? பரண்மேல் டின் தெரிந்தது.

"சாக்கப் போத்திக்கிட்டுப் படுங்க" என்றேன்.

"என்னாடி பண்ணப் போற?"

"காரம் வைக்கப் போறேன். நல்லா இருமுங்க."

இரண்டு கையாலும் மிளகாயை அள்ளி அடுப்புத் தணலில் கொட்டினேன். இருமச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் குடல் வெளியே வருவதுபோல் இருமினார். எனக்குக் கண்ணும் மூக்கும் ஒன்றாக ஒழுகின. வாசலில் ஜப்பான் அதிகாரியும், வழிகாட்ட வந்த, எங்களை வேலை வாங்கும் மண்டோரும் வந்து நின்றார்கள். மண்டோர் தமிழர். திருஷ்டி கழித்து மிளகாயை அடுப்பில் போடும் வீட்டில் பிறந்தவருக்கு அந்த நெடி என்னவென்று தெரியாதா? அவர் அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே கையை நீட்டி, "பாரு பாரு!" என்று கத்தினார்.

எனக்கு உயிர் போய்விட்டது. அடப்பாவி, உள்ளே வந்து பார் என்று காட்டிக்கொடுக்கிறானே! "சாக்கிட் பாரு பாரு!" என்று மறுபடி கத்தினார். அதிகாரி பார்க்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கு எட்டு பின்னால் போனான். மண்டோரைக் கன்னத்தில் ஒரு அறை விட்டு, எங்கள் வரிசையில் மீதி இருந்த வீடுகளையும் பார்க்காமல் லாரியில் ஏறிவிட்டான்.

சாயங்காலம் மண்டோரிடம் சண்டைக்குப் போனேன். "எதுக்குண்ணே அவன பாரு பாருன்னு உள்ள கூப்பிட்டீங்க?"

"நான் எங்க கூப்பிட்டேன்? மலாய்ல சாக்கிட்டுன்னா நோவு, பாரு பாருன்னா நுரையீரலுலா. காசம்னு சொன்னேன்."

"மிளகான்னு உங்களுக்குத் தெரியலையா?"

அவர் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். "போன மாசம் என் தம்பிய நானே லாரில ஏத்திவிட்டேன். போதும், வீட்டுக்குப் போ."

அங்கேயே நின்று ஓவென்று அழுதேன். மறுநாளிலிருந்து லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக என் வாசலுக்கு வந்தார்கள். "காரக்காரி அக்கா, ஒரு கை மிளகா குடுங்கக்கா" என்று கேட்டார்கள். பெயர் அதேதான், கூடவே அக்கா ஒட்டிக்கொண்டது. டின் காலியாகும்வரை எங்கள் வரிசையில் ஆள்மாற்றி ஆள் இருமினார்கள். கடைசியில் இது நோய் பிடித்த வரிசை என்று சொல்லி லாரி எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டது. ஒரு ராஜ்யத்தின் பட்டாளத்தை அடுப்படியில் இருந்தே விரட்டினோம் என்று இன்றைக்கும் நான் மார்தட்டிக்கொள்வேன்.

சண்டை முடிந்து தபால் ஓடத் தொடங்கியதும் ஊருக்கு எழுதினோம். மாமனாரிடமிருந்து பதில் வந்தது. இந்தத் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சயாமில் மாண்டுவிட்டதாக யாரோ சொல்லி, மகனுக்குக் கருமாதியே செய்து முடித்துவிட்டார்களாம். உயிரோடு இருப்பது நிஜமானால் கைநாட்டு வைத்து அனுப்பு என்று எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் கட்டைவிரலில் மை தடவி ஒன்றுக்கு நான்காக வைத்து அனுப்பினார். மாமனார் அதை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தாரோ, அடுத்த கடிதத்தில் சந்தோஷம் பொங்கி வழிந்தது. கடைசி வரியில் மட்டும் ஒரு செய்தி இருந்தது. ஆடி அமாவாசைக்கு இலை போட ஆரம்பித்தாகிவிட்டது, நடுவில் நிறுத்தினால் ஆகாது என்று பூசாரி சொல்கிறாராம்.

மாமனார் காலத்துக்குப் பிறகு கொழுந்தன் அதை விடாமல் செய்துவருகிறார். ஆடி அமாவாசை மத்தியானம் அங்கே வடையும் பாயசமும் படைத்து, "மாணிக்கம், வந்து சாப்பிடு" என்று மூன்று முறை கூப்பிடுகிறார்கள். அதே மத்தியானம் நானும் இங்கே இலை போடுகிறேன். அந்த இலையைக் காக்கை வந்து கொத்துகிறது. இந்த இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர், "இன்னும் கொஞ்சம் சோறு வையிலா" என்கிறார்.