சிரிக்காத மதினி

விஸ்வநத்தம் தீப்பெட்டி கம்பெனியில் இருளம்மாளுக்கு ‘உம்மணாமூஞ்சி’ என்று பட்டம். மற்றப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போதும் அவள் பல்லைக் கடித்தபடி குச்சி அடுக்குவாள். அவளுக்கா சிரிக்கத் தெரியாது? கடைசிப் பிள்ளை அவளைப் பாடாய்ப் படுத்திப் பிறந்ததிலிருந்து, சிரித்தாலும் இருமினாலும் சேலை நனைந்துவிடும். இதைப் போய் யாரிடம் சொல்ல? சிரிப்பையே விட்டுவிட்டாள், பாவி மகள்.

இதில் நொந்துபோனது நாத்தனார் பொன்னுத்தங்கம். வாயைத் திறந்தாலே கேலிதான் அவளுக்கு. மதினிக்குத் தன்னைக் கண்டாலே ஆகாது என்று முடிவுகட்டி, பேச்சைக் குறைத்துவிட்டாள்.

1962 கார்த்திகையில் இருளம்மாள் புருஷனிடம் எல்லாவற்றையும் அழுது கொட்டினாள். செல்லப்பாண்டி நல்ல மனுஷன். “தொணைக்குப் போத்தா” என்று தங்கையையும் சேர்த்து மதுரைக்கு பஸ் ஏற்றிவிட்டான். வயிற்றுக் கோளாறு என்றுதான் பொன்னுத்தங்கத்துக்குத் தெரியும். விஷயத்தை டாக்டரம்மா அறையில் வைத்துத்தான் கேட்டாள். கேட்டவளுக்குக் கேலி வரவில்லை, அதிசயம்!

“நனையிறத நான் கண்ணால பாக்கணும்மா. அப்பத்தான் என்ன வைத்தியம்னு சொல்ல முடியும்” என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸுக்குப் பயந்து இருளம்மாள் முந்தின நாளிலிருந்தே தண்ணீர் தொடவில்லை. அதற்கு ஒரு திட்டு வாங்கி, செம்பு செம்பாய்க் குடித்து, முட்டும்வரை காத்திருந்தாள். பிறகு மடித்த வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு எழுந்து நின்று இருமினாள். இத்தனை வருஷமாய் அடக்கிப் பழகிய உடம்பு லேசில் விடுமா? கோழிக்குஞ்சு மாதிரி ஓர் இருமல். துணி காய்ந்தே கிடந்தது. மறுபடியும் அப்படியே.

பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவார்களோ? இன்னொரு தடவை வரக் கம்பெனியில் யார் லீவு கொடுப்பார்கள்? அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பொன்னுத்தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. “இருமச் சொன்னா முனங்குறீகளே மதினி! இங்கன பாருங்க!” இடுப்பில் கை வைத்து, அறை அதிர இருமினாள். இரண்டாவது இருமலில் அப்படியே நின்றாள். முழி பிதுங்கியது. மெல்ல முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டாள்.

“அடியாத்தீ... எனக்குமில்ல நனைஞ்சிருச்சு மதினி!”

இருளம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து குபீரென்று சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

டாக்டரம்மா துணியை வாங்கிப் பார்த்தார். “நல்லா நனைஞ்சிருக்கு. இது நோய்தாம்மா, வெக்கப்பட ஒண்ணுமில்ல. சரிபண்ணப் பாக்கலாம். அடுத்து நீ வாம்மா.”

பொன்னுத்தங்கம் நகரவில்லை. மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப... நான் சொன்னதுக்கெல்லாம் ஒங்களுக்குச் சிரிப்பு வந்துச்சா மதினி?”

“அம்புட்டுக்கும் வந்துச்சு, தங்கம்.”