பத்தாம் நம்பர் ஸ்பேனர்

இன்று காலை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காய் வாங்கத்தான் கிளம்பினேன், ஓர் அவசரமும் இல்லை. ஆனாலும் இன்னொரு முறை திருப்பப் பயமாக இருந்தது. சென்னையில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தேன்.

"பேட்டரியா இருக்கும்மா. ஆள் அனுப்புறேன், டென்ஷனாகாத."

அந்தச் சத்தத்துக்கு நான் பயப்படக் காரணமே அவன்தான். அது அவனுக்குத் தெரியாது.

காருக்குள் எலுமிச்சை வாசனை. அவன் வாங்கி மாட்டிய சென்ட் பாட்டில். எலுமிச்சை என்றால் எனக்கு ஆயுத பூஜைதான்.

இரண்டாயிரத்துச் சொச்சம். வண்டியூர் தெப்பக்குளத்துக்கு எதிரே குடியிருந்தோம். கணவருக்கு வெளியூரில் வேலை, அந்தப் பூஜைக்கு வர முடியவில்லை. ஒரு பழைய காரும் லைசென்ஸும் என்னிடம் இருந்தன. தைரியம் மட்டும் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வரும் அளவுக்கு. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். சூடம் காட்டும்போது, வண்டியும் சாமிக்கு விளக்குக் காட்டட்டுமே என்று ஹெட்லைட்டைப் போட்டேன். அப்போது அது அழகான யோசனையாகத்தான் இருந்தது. வண்டியைப் பழத்தின் மேல் ஏற்ற நாலரைக்குத்தான் நல்ல நேரம் என்றது காலண்டர். வெயிலில் விளக்கு எரிவதை யார் கவனித்தார்கள்?

மூன்று மணிக்கு நாலு வயது மகனுக்கு வீசிங் வந்தது. சாம்பிராணிப் புகையோ என்னவோ. விசில் மாதிரி மூச்சு. தூக்கிப் போய்க் காரில் உட்கார்த்தி, சாவியைத் திருப்பினேன். டிக். ஸ்டாண்டில் ஆட்டோக்கள் மாலையோடு நின்றன, ஓட்டுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

தெருமுனையில் பட்டறை வைத்திருந்த முத்தண்ணனிடம் ஓடினேன். வெள்ளை வேட்டியில் இருந்தார். ஸ்பேனரும் சுத்தியலும் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்தின் முன்னால் வரிசையாகக் கிடந்தன. மறுநாள் பூஜை முடியும்வரை அவற்றைத் தொடக்கூடாது. புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டுச் சந்தோஷமாகத் திரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

"தள்ளிப் பாப்போம் தங்கச்சி," என்றவர், வறண்டு கிடந்த தெப்பக்குளத்துக்குள் கிரிக்கெட் ஆடியவர்களைக் கூப்பிட்டார். ஆறேழு பேர் படியேறி வந்து தள்ளினார்கள். வண்டி அசையவில்லை.

"யக்கா, அந்த ஹேண்ட்பிரேக்க எடுத்துட்டீகன்னா எங்களுக்கும் கொஞ்சம் சௌகரியமா இருக்கும்."

எடுத்தேன். பழங்கள் நசுங்கின. இரண்டாவது கியரில் கிளச்சை விட்டேன். குலுங்கி நின்றது. மறுபடியும் அதே கதை.

முத்தண்ணன் முன்னால் வந்து குனிந்தார். விளக்குக்குள் சிவப்பாக ஓர் இழை மட்டும் மினுங்கியது.

"லைட்டு எம்புட்டு நேரமா எரியுது?"

"காலையில இருந்துண்ணே. சாமிக்குன்னு..."

"இருந்த கரண்ட அம்புட்டையும் சாமிக்கே குடுத்துட்டீகளா," என்று சிரிக்கப் போனவர், மகன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது.

பட்டறைக்குள் போய்ப் படத்தின் முன்னால் நின்றார். "பிள்ளைக்கு முடியல. கோவிச்சுக்காத," என்று சாமியிடம் சொல்லிவிட்டுப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டிருந்ததால் ஓடாமல் மாலையோடு நின்ற தன் வேனின் பேட்டரியைக் கழற்றி என் காரில் மாட்டினார். அவர் விரலெல்லாம் சந்தனம். வண்டி உறுமியது.

"நான் ஓட்டுறேன். நீங்க பிள்ளைய மடியில வைங்க."

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து மூச்சு சீராகும்வரை, ஸ்பேனரை இடுப்பில் செருகியபடி வாசலிலேயே நின்றார்.

இன்று வந்த ஆள் ஒரு சின்னப் பெட்டியின் கிளிப்புகளைப் பேட்டரியில் மாட்டினார். கார் கிளம்பியதும் போனிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரிடம் ஸ்பேனரே இல்லை. தெப்பக்குளத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது, படகு போகிறது. கிரிக்கெட் ஆடியவர்கள் எங்கே போனார்களோ. பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. முத்தண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகனின் வீசிங்கும் பத்து வயதோடு போய்விட்டது. போனவற்றில் அது ஒன்றை மட்டும் நான் தேடுவதில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் காலையில் அவன் போனில் பேசியபோதும், வார்த்தைகளுக்கு நடுவே என் காது அந்த விசிலைத்தான் தேடியது.