வந்தது மோரக் இல்லை

ஜூன் மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் ஆனந்தபாய்க்கு வலது கணுக்கால் ஒடிந்தது. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போக வழியில்லை. கொரோனாவுக்குப் பிறகு பாறசாலைப் பக்கத்துச் சபைகள் பலவும் ஆராதனையை நேரலையில் விடுகின்றன. மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆனந்தபாய் போனில் ஆராதனை பார்த்தார். கடைசி ஆசீர்வாதம் சொல்லி முடித்தார்கள். போனை அணைக்கக் கை நீட்டுவதற்குள் அடுத்த நேரலை தானாக ஓடத் தொடங்கியது.

ஒரு பைன் மரத்தின் உச்சி. அதில் கட்டில் அகலத்துக்குச் சுள்ளி அடுக்கிய கூடு. ஒரு பெரிய பருந்து நனைந்தபடி உட்கார்ந்திருந்தது. அதன் நெஞ்சுக்கடியிலிருந்து மூன்று குஞ்சுகள் தலையை நீட்டின.

"சபையிலதான் என்னமோ காட்டுதாங்கண்ணு நெனச்சேன். கால் மணிக்கூறு கழிஞ்சும் பாஸ்டர் வரேல்ல. பின்னதான் மனசிலாச்சு" என்று ஆனந்தபாய் இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

அது ஸ்காட்லாந்தில் ஒரு ஏரிக்கரை. மரத்தின் உச்சிக்கு மேலே கேமரா கட்டி, உலகம் முழுக்க எவர் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். தமிழில் விரால் அடிப்பான் என்று பெயருள்ள மீன்பருந்து அது. பெண்ணுக்கு அங்கே பார்ப்பவர்கள் மோரக் என்று பெயரிட்டிருந்தார்கள். பதினெட்டு வயதாவது இருக்கும், காலில் அடையாள வளையம் கிடையாது. ஆணின் காலில் நீல வளையம் உண்டு. ஆண் மீன் கொண்டு வரும், மோரக் அதைக் கிழித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டும். ஆறு வாரமும் ஆனந்தபாய் அதைப் பார்த்தார்.

அவர் பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷமாக அண்டியாபீஸில் வேலை. அண்டியாபீஸ் என்றால் எங்கள் பக்கத்தில் முந்திரிப்பருப்புத் தொழிற்சாலை. அதில் பருப்பைத் தரம் பிரிக்கும் மேசையில் உட்காருபவர் ஆனந்தபாய். ஒரு பவுண்டுக்கு இருநூற்று நாற்பது ஏறும் பருப்பையும் முந்நூற்று இருபது ஏறும் பருப்பையும் ஒரு பார்வையில் பிரித்துத் தள்ளுவார். வெள்ளை எது, லேசாகச் சூடு பட்டது எது என்பதில் அவரோடு சூப்பர்வைசர்கூட வாதாடுவதில்லை. ஆகவே கூட்டைப் பார்க்கும்போதும் அவர் கண் சும்மா இருக்கவில்லை. நடுக்குஞ்சின் பிடரியில் வெளிறல் கூடுதல். ஆணின் நெஞ்சு கிட்டத்தட்ட வெள்ளை, மோரக்கின் நெஞ்சில் தவிட்டு நிறத்தில் ஒரு பட்டை, அந்தப் பட்டை நடுவில் விட்டுப்போயிருக்கும். மோரக்கின் இடது கண்ணில், மஞ்சள் வளையத்தின் கீழ்ப்பக்கம், கடுகைப் பாதியாகப் பிளந்து ஒட்டியதுபோல் ஒரு கறுப்புப் புள்ளி. இதையெல்லாம் போனில் படம் பிடித்துத் தனி ஃபோல்டரில் போட்டு வைத்தார்.

நேரலைக்குப் பக்கத்தில் பார்ப்பவர்கள் எழுதும் பகுதி ஒன்று உண்டு. ஆங்கிலம் ஆனந்தபாய்க்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். போனில் தமிழில் சொன்னால் அது ஆங்கிலமாக்கித் தரும் என்று தெரிந்துகொண்டு அவரும் எழுத ஆரம்பித்தார். முதலில் எழுதியதே தப்பு. கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் சாம்பல் உடம்பும் கறுப்புத் தலையுமாக ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. "இது எங்கள் ஊர் வீட்டுக்காக்கை" என்று அடித்துச் சொன்னார். அந்தப் பகுதியை நடத்தும் ஐலீன் என்ற அம்மாள், "இல்லை, இது எங்கள் ஊர்ச் சாம்பல் காக்கை. உங்கள் ஊர்க் காக்கைக்குக் கழுத்து மட்டும்தான் சாம்பல், முதுகும் வயிறும் பாருங்கள்" என்று எழுதினார். ஆனந்தபாய் ஜன்னல் வழியே கம்பிமேல் இருந்த காக்கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "நீங்கள் சொன்னது சரி" என்று உடனே எழுதிவிட்டு, அன்று முழுக்க உலகத்துக் காக்கைகளைத் தேடித் தேடிப் பார்த்தார்.

ஆகஸ்டில் கட்டு அவிழ்ந்து வேலைக்குத் திரும்பினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசை ஷீனாவிடம் போனைக் காட்டினார். ஷீனாவுக்குப் பொழியூர், கடற்கரை வீடு.

"இஞ்ச பாரு மக்கா, ஸ்காட்லாந்துப் பருந்து."

ஷீனா ஒரு பிடிச் சோற்றோடு எட்டிப் பார்த்தாள். "யக்கா, இது நம்ம தாலிப்பருந்தாக்கும். மழை கழிஞ்சா, ஆறு கடல்ல சேரிய பொழிக்கு வரும். எனக்க அப்பன் இது எங்க முங்குதுண்ணு பாத்துத்தான் வலை போடும்."

அன்று மாலையே ஆனந்தபாய் அதை எழுதினார். தாலிப்பருந்து என்பதைப் போன் 'கல்யாணச் சங்கிலிப் பருந்து' என்று மொழிபெயர்த்துவிட, ஐலீனுக்கு ஒரே சிரிப்பு. ஸ்காட்லாந்துப் பருந்துகள் குளிருக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும், பொழியூருக்கு வருபவை வேறு வடக்கு நாடுகளிலிருந்து வருபவையாக இருக்கும் என்றும் அவர் விளக்கினார்.

மோரக் அந்த மாதம் பாதியிலேயே கிளம்பிப் போய்விட்டது. செப்டம்பரில் குஞ்சுகளும் ஆணும் போயின. கூடு காலியானதும் ஆனந்தபாய் மற்ற கேமராக்களைத் தேடினார். காலையில் புட்டு வேகும்போது நியூசிலாந்தில் நண்பகல், கடற்கரைப் புல்லில் ஆல்பட்ராஸ் உட்கார்ந்திருக்கும். நாலரை மணிக்கு வேலை விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது பனாமாவில் விடியும், பழம் வைத்த தட்டுக்கு நீலமும் மஞ்சளுமாகப் பறவைகள் இறங்கும். எது ஆண், எது பெண், எது வேறு ஜாதி என்று ஒரு நோட்டில் எழுதினார். ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து, கணவர் ராபின்சன் சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோவில் பொழியூருக்குப் போனார்கள். ஷீனா வந்து பொழிமுகத்தில் நின்று கையைக் காட்டினாள். வெகு தூரத்தில் ஒரு மூங்கில் கழியின்மேல் நிஜமாகவே ஒரு தாலிப்பருந்து இருந்தது. காக்கை அளவுகூடத் தெரியவில்லை.

"எப்பிடி உண்டு?" என்றார் ராபின்சன்.

"கொள்ளாம். ஆனா அதுக்க கண்ணு காணேல்ல. போன்லதான் நல்லா காணுது" என்றார் ஆனந்தபாய்.

மறு ஏப்ரல் வந்தது. முதல் வாரத்தில் நீல வளையம் போட்ட ஆண் கூட்டுக்குத் திரும்பியது. நான்காம் நாள் ஒரு பெண் வந்து இறங்கியது, காலில் வளையமில்லை. ஆண் மீனைக் கொடுக்க, அது வாங்கிக்கொண்டது. எழுதும் பகுதி பொங்கிவிட்டது. மோரக் வந்துவிட்டாள், பத்தொன்பது வயதில் திரும்பி வந்துவிட்டாள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் எழுதினார்கள். ஐலீனும், "நல்வரவு, எங்கள் பெண்ணே" என்று எழுதினார்.

ஆனந்தபாய் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சேலை மாற்றாமல் உட்கார்ந்து பார்த்தார். பெண் தலையைத் திருப்பியது. அவர் சொன்னார், போன் எழுதியது:

"இது மோரக் இல்லை. நெஞ்சுப் பட்டை நடுவில் விடாமல் இருக்கிறது. இடது கண்ணில் புள்ளி இல்லை."

அரை நிமிஷத்தில் பதில்கள் வரத் தொடங்கின. பதினொரு வருஷமாக இந்தக் கூட்டைப் பார்க்கிறேன் என்ற ஒருவர், இறகு உதிர்ந்து முளைக்கும்போது பட்டை மாறும், இது தெரியாமல் பேசக் கூடாது என்றார். இன்னொருவர், ஏன் எல்லோருடைய சந்தோஷத்தையும் கெடுக்கிறீர்கள் என்று கேட்டார். டோரத்தி என்ற அம்மாள் எழுதியதுதான் ஆனந்தபாயைத் தைத்தது. "போன வருடம் என் கணவர் இறந்தார். அந்தக் கோடை முழுவதும் மோரக்கைப் பார்த்துத்தான் நான் எழுந்து நடமாடினேன். நீங்கள் சொல்வது தவறாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்."

ஆனந்தபாய் போனைக் கவிழ்த்து வைத்தார். ராபின்சன் விவரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"எட்டி, அவங்க சந்தோசமா இருக்கியதுல உனக்கு என்ன சேதம்? மோரக்குண்ணா மோரக்குண்ணு விட வேண்டியதுதானே?"

"சந்தோசப்படட்டு. ஆனா வந்தவளுக்கு அவளுக்க பேரு வேண்டாமா? செத்தவளுக்க பேரைச் சொல்லி வேற ஒருத்திய விளிக்கணுமா?"

"செத்துப்போச்சுண்ணு யாரு சொன்னா?"

"அது தெரியாது. வேற எங்கயாவது இருக்கட்டு. ஆனா இது அவ இல்ல. எனக்குத் தெரியும்."

"தெரியும்னா தெளிவு, ஆதாரம் வேணும்லா?"

"தாறேன்" என்றார்.

இறகு மாறும் என்று அந்த மனிதர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. பட்டையை விட்டுவிட்டார், கண்ணைப் பிடித்துக்கொண்டார். கண்ணின் புள்ளியும் மாறுமோ? தன்னிடம் இருந்தது ஒரு கோடையின் படங்கள் மட்டும். அந்தக் கூட்டின் பழைய பதிவுகள் ஆறு வருஷத்துக்கு இணையத்தில் கிடந்தன. அடுத்த நான்கு நாளும் வேலை விட்டு வந்தவுடன் அதில்தான் இருந்தார். மோரக் கேமராவுக்கு இடது பக்கம் காட்டி, வெயிலும் நேராக விழும் நொடிகள் குறைவு. ஒரு நல்ல படத்துக்காக முக்கால் மணி நேரம் ஓட்டிய நாளும் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு முதல் இரண்டு நாள் ராபின்சன் கப்பைக்கிழங்கு அவித்தார். மூன்றாம் நாள் நெய்யாற்றின்கரையிலிருந்து பரோட்டா வாங்கி வந்து வைத்தார்.

ஆறு வருஷத்துக்கும் வருஷத்துக்கு ஒரு படம் கிடைத்தது. ஆறிலும் அந்தப் பாதிக் கடுகு அதே இடத்தில் இருந்தது. ஆனந்தபாய் அவற்றை வரிசையாக அடுக்கி, ஏழாவதாகத் தன் கோடைப்படத்தையும், எட்டாவதாகப் புதிதாக வந்த பெண்ணின் இடது கண்ணையும் வைத்து, தனியாக ஐலீனுக்கு அனுப்பினார். எல்லோர் முன்னாலும் போடவில்லை. டோரத்திக்கு மட்டும் ஒரு வரி எழுதினார்: "உங்கள் மோரக்கை நானும் தேடினேன் அம்மா. அவளாக இருந்தால் முதல் ஆளாக நான்தான் சொல்லியிருப்பேன்."

இரண்டு நாள் பதில் இல்லை. அந்த இரண்டு நாளும் மேசையில் அவர் கை வேகம் குறையவில்லை என்று ஷீனா சொல்கிறாள்.

"பேடியோ பயமோ ஒண்ணும் இல்லியா யக்கா? தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா தப்புண்ணு சொல்லுவேன். காக்காய்க்குச் சொல்லேல்லியா? ஆனா இது தப்பு இல்ல."

மூன்றாம் நாள் கேமராவை இயக்குகிறவர்கள் லென்ஸை நெருக்கி, புதிய பெண்ணின் இரண்டு கண்களையும் முழுத் திரையில் எடுத்தார்கள். இடது கண் சுத்தமான மஞ்சள். வலது கண்ணின் மேல்பக்கம் மட்டும் மெல்லிய ஒரு கீற்று. ஐலீன் அறிவித்தார்: "கூட்டில் இருப்பது புதிய பெண். மோரக் இதுவரை வரவில்லை. இதை முதலில் கண்டவர் தென்னிந்தியாவிலிருந்து பார்க்கும் ஆனந்தபாய். நான் அவசரப்பட்டுவிட்டேன்." கீழே ஆனந்தபாயின் எட்டுப் படங்களையும் போட்டிருந்தார்.

பதினொரு வருஷக்காரர் வந்து, "அருமையான வேலை" என்று இரண்டே சொல் எழுதினார். சிலர் அழுதார்கள். சிலர் அன்றோடு வருவதை நிறுத்தினார்கள். டோரத்தி மூன்று வாரம் ஒன்றும் எழுதவில்லை. புதிய பெண் முட்டையிட்டுக் கூட்டுக்குப் பாசி சுமந்த ஒரு நாளில்தான் அவர் பெயர் மீண்டும் தெரிந்தது: "இவள் மோரக்கைவிட அதிகமாகப் பாசி கொண்டுவருகிறாள்."

"அந்த அம்மை வந்துட்டு!" என்று ஆனந்தபாய் அடுக்களையிலிருந்து சத்தம் போட்டதில் ராபின்சன் வண்டி துடைத்துக்கொண்டிருந்த துணியோடு உள்ளே ஓடி வந்தார்.

புதிய பெண்ணுக்குப் பெயர் வைக்க வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆனந்தபாய் 'தாலி' என்று கொடுத்தார். 'ஐலா' என்ற பெயர் வென்றது, தாலிக்கு மூன்றாமிடம். "அவ்வளவு வெள்ளக்காரங்க ஓட்டுப் போட்டது போராதா?" என்றார் ஷீனாவிடம்.

அந்த வருஷம் ஐலா இரண்டு குஞ்சுகளைப் பறக்கவிட்டது. மோரக் திரும்பவே இல்லை.

இப்போது ஐலீன் வழியாக வேறு கூடுகளை நடத்துகிறவர்களும் ஆனந்தபாய்க்குப் படம் அனுப்புகிறார்கள். எஸ்தோனியாவிலிருந்து கொக்கு போன்ற ஒரு நாரை, அமெரிக்காவிலிருந்து வெள்ளைத்தலைக் கழுகு, போன வருஷம் வந்ததும் இதுவும் ஒன்றா என்று கேள்வி. சிலவற்றுக்கு ஒரு நிமிஷம் போதும், சிலவற்றுக்கு ஒரு வாரம். மதிய இடைவேளையில் மேசையைச் சுற்றிப் பெண்கள் கூடி அவரவர் அபிப்பிராயம் சொல்வார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார், பின் தன் பதிலைச் சொல்வார்.

சென்ற வாரம் ஃபின்லாந்திலிருந்து ஒரு பருந்தின் படம் வந்தது. மழையில் எடுத்தது, கண் பாதி மூடியிருந்தது. உடனே பதில் வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் காத்திருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். ஆனந்தபாய் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். ஷீனா, "அது தன்னேண்ணு சொல்லுங்க யக்கா, பேப்பர்ல பேரு வருமில்லா" என்றாள்.

ஆனந்தபாய் போனை வாய்க்கருகே கொண்டுபோய் நிதானமாகச் சொன்னார்: "இந்தப் படத்தில் தெரியாது. கண் திறந்த படம் வேண்டும். வெயில் வரட்டும், காத்திருங்கள்."

மணி அடித்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த பருப்புத் தட்டை இழுத்தார்.