புது மவுத்பீஸும் என் கடைசி ஆசையும்

போன வருடம், மாதா கோயில் திருநாளுக்கு முந்திய கிழமை, உருத்திரபுரத்தில் என் வீட்டு முற்றத்தில் தொடங்கியது இது. எங்கள் ஊர் பாண்ட் குழுவில் டியூபா ஊதுகிறவன் நான். அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்துக்கும் எனக்கும் வயிற்றளவு ஏறக்குறைய ஒன்றுதான். கனடாவில் இருக்கும் மைத்துனர் அதற்கொரு புது மவுத்பீஸ் அனுப்பியிருந்தார். வாய் வைத்து ஊதும் கிண்ணம் பழையதைவிட அகலம், துளையும் பெரிது. முதல் ஊதலுக்கே பக்கத்து வளவு மாடு தலையைத் தூக்கிப் பதில் கொடுத்தது.

புதுசென்றால் கொஞ்சம் ஊதி, கொஞ்சம் ஆற வேண்டும். குழுவில் மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். ஆனால் திருநாள் பவனியில் இதால்தான் ஊதுவது என்ற ஆசை, காலை முழுக்க ஊதித் தள்ளினேன். தலை லேசாகச் சுற்றியது. சங்கீத மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மனைவி தந்த பிளேன்டீயை வாயில் வைத்தேன். அது உதட்டோரத்தால் வழிந்து சேட்டில் இறங்கியது. உதட்டைத் தொட்டுப் பார்த்தால் மரக்கட்டை. விரல் நுனிகளும் விறைத்திருந்தன. கை கால் இழுத்துவிடும் பாரிசவாதம் இப்படித்தான் தொடங்கும் என்று போனில் வாசித்தது ஞாபகம் வந்ததும், டியூபாவைக் கட்டிப்பிடித்தபடி முற்றத்திலேயே குந்திவிட்டேன்.

மனைவி ஒழுங்கையால் போன ஓட்டோவை மறித்து என்னை ஏற்றினாள். கிளிநொச்சி ஆஸ்பத்திரிவரை கடைசி ஆசைகளைச் சொல்லிக்கொண்டே போனேன். காணியைப் பற்றியா, பிள்ளைகளைப் பற்றியா? அதுதான் இல்லை.

“என்ர செத்தவீட்டுக்கு எங்கட பாண்டைப் பிடிக்காதை. நானில்லாட்டி அவங்கள் தாளம் விட்டிடுவாங்கள்.”

ஓட்டோக்காரர் என்னைக் கதைக்க வேண்டாம் என்று சொல்லி, குழிகளை விலத்தி விலத்தி ஓடினார். நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிற மனைவி அன்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர் கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார். உப்பினேன். அந்த வித்தையில் எனக்கு அனுபவம் அதிகம், பக்கத்துக் கட்டில்காரர் எழும்பியிருந்து பார்த்தார். எல்லாம் சோதித்து முடித்த டொக்டர், கடைசியில் என் முகத்துக்குக் கிட்டக் குனிந்தார்.

“ஐயா, வாயைச் சுத்தி என்ன இந்த வட்டம்?”

நான் உள்ளங்கையால் வாயைப் பொத்தினேன். மனைவிதான் சொன்னாள்.

“அது டியூபா, டொக்டர். விடியத்தொட்டு ஊதினவர்.”

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கிண்ணம் அழுத்தியதால் உதடு மரத்திருக்கிறது, விடாமல் ஊதியதால் மூச்சு அளவுக்கு மிஞ்சிப் போய்த் தலை சுற்றி விரல்கள் விறைத்திருக்கின்றன என்று விளங்கப்படுத்தினார். ஓடி வந்தது நல்லதுதான், இனியொரு நாள் இப்படி வந்தாலும் வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிட வேண்டாம் என்றும் சொன்னார்.

வெளியே வந்தால், ஓட்டோக்காரர் போகாமல் நிற்கிறார். விஷயத்தை மனைவியிடம் கேட்டு அறிந்தவர் என்னைப் பார்த்தார்.

“அப்ப செத்தவீட்டுக்கு எந்தப் பாண்டை அண்ணை பிடிக்கிறது?”

அப்போதுதான் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய், ஓட்டோவுக்குள் ஏறியிருந்து அழுதாள்.

வாயைச் சுற்றியிருந்த வட்டம் அன்று பின்னேரமே மறைந்துவிட்டது. மணிக்கட்டில் அவளுடைய நகம் பதிந்த தடம் திருநாள் பவனியிலும் கிடந்தது. அது மாறி எவ்வளவோ நாளாகியும், டியூபாவைத் தூக்குமுன் அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மூச்சை இழுக்கிறேன்.